பக்கம் புரட்டச் சொன்ன மணி

விடியப்புறம் நாலரை ஐந்து மணிபோலச் சிங்கம் கத்தும். களுபோவில ஆக்களுக்கு அது சேவல் கூவுகிற மாதிரி. எங்கட ஒழுங்கையிலிருந்து தெஹிவளை மிருகக்காட்சிச்சாலை கூப்பிடு தூரம்தான். காற்று எங்கட பக்கம் திரும்பியிருந்தால் பாயில் கிடக்கிற முதுகுக்குக் கீழே சீமெந்துத் தரையே உறுமுகிற மாதிரி இருக்கும். யாழ்ப்பாணத்திலிருந்து அம்மம்மா வந்து தங்கின முதல் இரவு, இருட்டுக்குள் எழும்பிக் குந்திக்கொண்டு, "மோனை, உதென்ன சத்தம்?" என்று கேட்டா. "சிங்கம், அம்மம்மா" என்றேன். "விசர்க் கதை கதையாதை, படு" என்றா. அடுத்த ஞாயிறு கூட்டிக்கொண்டு போய்க் காட்டினபிறகுதான் நம்பினா. பேந்து ஒவ்வொரு விடியலும் அது கத்தினவுடன் "சிவசிவா, அவனும் எழும்பிட்டான்" என்று சொல்லிக்கொண்டு முகம் கழுவப் போவா.

நண்பரே, நீரும் அந்த ஒழுங்கையால் என்னோடு நடந்திருக்கிறீர். ஒரு பக்கம் களுபோவில ஆஸ்பத்திரி, மற்றப் பக்கம் மிருகக்காட்சிச்சாலை, நடுவில் நாங்கள். ஆஸ்பத்திரிப் பக்கமிருந்து டெற்றோல் மணம் வரும். வாசலில் தம்பிலி வெட்டுகிறவனின் கத்திச் சத்தம் வரும். மற்றப் பக்கத்திலிருந்து பின்னேரத்தில் யானைகள் ஆடுகிற நேரத்து வாத்தியம் கேட்கும். ஜோன் ஹாகன்பெக் என்ற ஜேர்மன்காரர் மிருகங்களைச் சேர்த்து வைத்துத் தொடங்கின இடம் அது; 1936இல் அரசாங்கம் எடுத்துக்கொண்டது. அப்பா ஒவ்வொரு தடவையும் வாசலில் நின்று இதைச் சொல்லுவார். நாங்கள் கேட்காமல் ரிக்கற் வரிசைக்கு ஓடுவோம்.

மிருகங்களோடு கதைக்கிற தொஸ்தர ஒருவர் ரீவியில் வந்தபோது, அவர் எங்கட ஆஸ்பத்திரியில்தான் வேலை செய்கிறார், டியூற்றி முடிந்தபிறகு மிருகக்காட்சிச்சாலைக்கு நடந்துபோய் அங்கே வருத்தம் பார்க்கிறார் என்று தங்கச்சி நம்பினாள். நான் அவளைத் திருத்தவில்லை. எனக்கும் அப்படி இருந்தால் நல்லது என்று இருந்தது. அந்தத் தொஸ்தரவைப் பற்றிச் சொல்லத்தான் தொடங்கினேன். ஆனால் அவரிடம் போகமுன் கொட்டாஞ்சேனைக்குப் போகவேண்டும்.

கொட்டாஞ்சேனையில் பெரியப்பா வீடு. மேல்மாடி. மரப்படி ஏறும்போது ஒவ்வொரு படியும் ஒவ்வொரு மாதிரிக் கிறீச்சிடும். ஆறாம் படி மட்டும் பேசாது. ஞாயிறு காலை சாந்த லூசியா தேவாலய மணி அடித்து ஓய, கீழே தெருவில் "மாளு, மாளு" என்று மீன்காரன் கத்திக்கொண்டு போக, நாங்கள் ஏறிப் போவோம். பெரியம்மா குசினியில் தேங்காய்ப்பூத் திருவுகிற சத்தம். முன் விறாந்தையில் பெரியப்பா வெள்ளைப் பெனியனும் சாரமுமாக, மடியில் ஒரு மஞ்சள் துணியோடு இருப்பார். அந்தத் துணியைக் கண்டால் எங்களுக்குச் சந்தோசம். அது இசைத்தட்டுத் துடைக்கிற துணி.

பெரியப்பா துறைமுகத்தில் ஒரு கப்பல் கந்தோரில் கிளாக்கர். வந்துபோகிற கப்பல்காரரிடம் அவர் கேட்டு வாங்கினது சாராயமுமில்லை, சிகரெற்றுமில்லை. றெக்கோட். காட்டூன் பாட்டு, காட்டூன் கதை, காட்டூன் குரல் எது இருந்தாலும் கொண்டுவந்துவிடுவார். பிள்ளையில்லாத மனுசன். எங்களுக்காகத்தான் சேர்த்தார் என்று அம்மா சொல்லுவா. நான் பிறக்கிறதுக்கு இருபது வருசம் முன்னமே சேர்க்கத் தொடங்கிவிட்டார் என்பது பிறகுதான் எனக்கு விளங்கியது.

றேடியோகிராம் ஒரு அலுமாரி அளவு. மூடியைத் தூக்கினால் உள்ளேயிருந்து ஒரு மணம் வரும்: சூடேறின வால்வு, தையல்மெசின் எண்ணெய், பழைய பொலிஷ், அதோடு தட்டுகளின் அரக்கு மணம். எழுபத்தெட்டுச் சுற்றுத் தட்டுகள் அரக்கால் செய்தவை. மரத்தில் பூச்சி சுரக்கிற அதே அரக்கு. கையில் எடுத்தால் ஓட்டுத்துண்டு மாதிரிப் பாரம், விழுந்தால் ஓடு மாதிரியே உடையும். ஊசிக்கு இரண்டு பக்கம் உண்டு. எழுபத்தெட்டுக்கு ஒரு பக்கம், எல்பிக்கு மற்றப் பக்கம். பெரியப்பா சுட்டுவிரலால் அதைத் திருப்பிவிடும்போது மூச்சை அடக்கிக்கொள்ளுவார். நாங்களும் அடக்குவோம். ஊசி இறங்கினபிறகு ஒரு கரகரப்பு, தாச்சியில் எண்ணெய் காய்கிற மாதிரி. மூன்று நிமிசம்தான் ஒரு பக்கம். அந்த மூன்று நிமிசத்துக்கு அவ்வளவு ஆயத்தம்.

அவர் முதலில் போடுவது எப்போதும் ஸ்னோ வைற். வோல்ட் டிஸ்னியின் அந்தப் படம் 1937இல் வந்தது. அடுத்த வருசம் அமெரிக்காவில் மூன்று தட்டுகளாக அதன் பாட்டுகளை வெளியிட்டார்கள். பாட்டுக்காரரைக் கூப்பிட்டுப் புதிதாகப் பாடவைக்காமல், படத்தில் கேட்ட அதே குரலையும் அதே சத்தத்தையும் தட்டில் ஏற்றி விற்றது அதுதான் முதல் தடவை. "படம் முடிஞ்சு வீட்டை போனாலும் குள்ளன்மார் கூடவே வருவினம்" என்று பெரியப்பா அதை விளங்கப்படுத்துவார். நாங்கள் அந்தப் படத்தைப் பார்த்ததேயில்லை. குள்ளர்களின் சத்தத்தை வைத்தே ஏழு பேருக்கும் முகம் செய்துவைத்திருந்தோம். என்னுடைய தும்மல் குள்ளனுக்கு வெள்ளவத்தைச் சந்தையில் வெற்றிலை விற்கிற கிழவரின் முகம். பிற்காலத்தில் படத்தைப் பார்த்தபோது, அந்தக் கிழவரைக் காணாமல் எனக்கு ஏமாற்றமாக இருந்தது.

அடுத்தது மரங்கொத்தி. 1948இல், இலங்கைக்குச் சுதந்திரம் கிடைத்த வருசம், அமெரிக்கா முழுக்க அந்த மரங்கொத்திச் சிரிப்புப் பாட்டுத்தான் கிடந்து கேட்டதாம். பெரியப்பா அந்தச் சிரிப்பை அச்சொட்டாகச் சிரிப்பார். கந்தோரில் ஒரு சொல்லுக்கு மறுசொல் பேசாத மனுசன், பெனியனோடு இருந்து மரங்கொத்தியாகிச் சிரிக்கும்போது பெரியம்மா குசினி வாசலில் வந்து நின்று, திருவலகையை மறந்து, சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு நிற்பா.

பிறகு பூனையும் குருவியும். மெல் பிளாங்க் 1950இல் கெப்பிட்டல் கொம்பனிக்குக் கொடுத்த தட்டு. பூனை சில்வெஸ்ரரும் குருவி ருவீற்றியும் ஒருவருக்கொருவர் மாறிமாறிப் பாடிச் சண்டை பிடிப்பார்கள். இரண்டு குரலும் ஒரே ஆள். பக்ஸ் பனி முயலும் அவர்தான், டஃபி வாத்தும் அவர்தான், திக்கிப் பேசுகிற பன்றியும் அவர்தான். பெரியப்பா இதைச் சொன்ன அன்று நான் நம்பவில்லை. "ஒருத்தன் எப்பிடிப் பெரியப்பா தன்னோடையே சண்டை பிடிக்கிறது?" அவர் சிரித்தார். பிறகு தட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து, லேபலில் இருந்த அந்த ஒற்றைப் பெயரின்மேல் விரலை வைத்துக் காட்டினார்.

குருவியின் குரலில் ஒரு சூட்சுமம் இருந்தது. மெல் பிளாங்க் பேசினதை அப்படியே விடாமல், ஓட்டத்தைக் கூட்டித்தான் அந்தக் கீச்சுக் குரலை எடுத்தார்கள். இதை நான் புத்தகத்தில் படித்து அறியவில்லை. ஒரு ஞாயிறு பெரியப்பா குளிக்கப் போனபோது, பெரியம்மாவின் சீர்காழி கோவிந்தராஜன் பக்திப்பாட்டு எல்பியை எழுபத்தெட்டில் ஓடவிட்டேன். அந்தக் கணீரென்ற குரல் கீச்சுக் குருவியாகி முருகனைக் கூப்பிட்டது. தங்கச்சி விழுந்து விழுந்து சிரித்தாள். பெரியம்மா ஓடிவந்து என் காதைப் பிடித்துத் திருகினா. குளியலறைக்குள்ளிருந்து பெரியப்பா சத்தமாகக் கேட்டார்: "அடேய், கண்டுபிடிச்சிட்டியோ?"

தியேட்டர் காட்டூனும் இருந்ததே. வெள்ளவத்தை சவோயில் ஆங்கிலப் படம் தொடங்கமுன் ஒரு ரீல் போடுவார்கள். அரசாங்கச் செய்திப்படம் முடியும்வரை சனம் கதைத்துக்கொண்டு கடலை உரிக்கும். திரையில் அந்த மெற்றோ சிங்கம் வட்டத்துக்குள்ளிருந்து தலையைத் திருப்பி உறுமினவுடன் முழுத் தியேட்டரும் ஒரு "ஹா" போடும். நான் மட்டும் தங்கச்சியின் காதுக்குள், "எங்கட சிங்கம்" என்பேன். ரொம் அன்ட் ஜெரி. 1940இலிருந்து 1958வரை ஹன்னாவும் பார்பராவும் அந்தப் பூனையையும் எலியையும் 114 தடவை கலைபடவைத்தார்கள். ஏழு ஒஸ்கார் வாங்கினார்கள். எனக்கு மறக்காதது 1947இல் வந்த பியானோக் கச்சேரி. பூனை கோட்டுப் போட்டுக்கொண்டு லிஸ்ற்றின் ஹங்கேரிய இசையை வாசிக்கிறது. எலி பியானோவுக்குள்ளே படுத்திருக்கிறது. பூனையின் விரல் எந்தக் கட்டையில் விழுகிறதோ அந்தச் சுரம்தான் கேட்கும். படம் முடிந்து காலி வீதியால் நடந்துவரும்போது, கடல் காற்று உப்பாக முகத்தில் அடிக்க, பெரியப்பா நெக்டோ சோடாப் போத்தலைக் கையில் பிடித்துக்கொண்டு சொன்னார்: "கதைக்காமலே கதை சொல்லிப்போட்டாங்கள். பார்த்தியோ? அதுக்குப் பாஷை வேணாம்."

அது எனக்கு அப்போது பெரிய விசயமாகப் படவில்லை. பிறகுதான் விளங்கியது. பக்ஸ் பனி முயலை எடுத்த வோர்னர் கொம்பனிக்கு 1936 தொடங்கி 22 வருசம் கார்ல் ஸ்டாலிங் இசை போட்டார். அதற்கு முன்னம் பேசாப் படங்களுக்கு நேரிலே வாசித்துப் பழகின கை. முயல் ஒளித்து நடந்தால் வயலின் நரம்பைச் சுண்டும், மலையிலிருந்து நரி விழுந்தால் குழல் விழும். இதெல்லாம் எங்கட ஊர்க் கூத்தில் மத்தளக்காரன் செய்கிறதுதான். ராசா காலெடுத்து வைக்க மத்தளம் பேசும். ஆகவேதான் ஆங்கிலம் ஒரு சொல்லும் தெரியாத பெரியம்மாவும் சவோயில் எங்களோடு சேர்ந்து சிரித்தா.

இப்போது அந்தச் சின்னத் தட்டுக்கு வருகிறேன். எழுபதுகளின் கடைசி, லண்டனிலிருந்து வந்த மச்சான் ஒருவர் கொண்டுவந்தது. உள்ளங்கையிலும் கொஞ்சம் பெரிய ஏழங்குலத் தட்டு; டிஸ்னிலாண்ட் றெக்கோட்ஸ் என்று போட்டிருக்கும். அரக்கு இல்லை, வளைகிற பிளாஸ்ரிக். ஜங்கிள் புக் கதை. தட்டோடு ஒட்டினபடி ஒரு படப்புத்தகம், 24 பக்கம். தட்டில் ஒரு அம்மா கதை வாசிப்பா. ஒரு பக்கம் முடிந்தவுடன் சின்ன மணி ஒன்று கிணுகிணுக்கும். அப்போது பக்கத்தைப் புரட்டவேண்டும். அவ்வளவுதான் அதன் வித்தை. ஆனால் எங்களுக்கு அது பெரிய சடங்காகிவிட்டது. புத்தகம் என் மடியில். பக்கத்தின் மூலையைப் பெருவிரலும் சுட்டுவிரலும் பிடித்தபடி காத்திருக்கும். மணி கேட்கும்வரை புரட்டக்கூடாது. தங்கச்சிக்குப் பொறுமையில்லை. மணிக்கு முன்னமே அவளே "டிங்" என்பாள். பெரியப்பா, "இல்லை, இன்னும் இல்லை, கரடி இன்னும் தண்ணிக்குள்ளை இறங்கேல்லை" என்பார். உண்மையான மணி கேட்டவுடன் மூன்று பேருமாக ஒரே நேரத்தில் "டிங்" என்போம். ஒரு ஞாயிறில் அதை ஏழு எட்டுத் தடவை போட்டிருப்போம். கருஞ்சிறுத்தை வருகிற பக்கத்தில் தங்கச்சியின் மாம்பழக் கை பட்டு ஒரு மஞ்சள் கறை. அதைச் சூரியன் என்றே அவள் வைத்துக்கொண்டாள்.

1982 பெப்ரவரி 15, ரூபவாஹினி ரீவி தொடங்கின நாள். அதற்கு மூன்று வருசம் முன்னமே, 1979 சித்திரையில், ஐ.ரி.என். வந்திருந்தது, முன்வீட்டு நோனாவின் ஜன்னலில் தொங்கிக்கொண்டு கொஞ்சம் கொஞ்சம் பார்த்திருந்தோம். ஜப்பான் கட்டிக்கொடுத்த ரூபவாஹினி வந்தபிறகுதான் அப்பா கடன்பட்டு ஒரு நாஷனல் ரீவி வாங்கினார். கூரையில் குழாய் நட்டு அன்ரெனா. காகம் வந்து இருந்தால் படம் ஆடும். அப்பா முற்றத்தில் நின்று குழாயைத் திருப்ப, அம்மா ஜன்னலால், "இப்ப வந்திட்டு, இப்ப போட்டுது, கொஞ்சம் ஆஸ்பத்திரிப் பக்கம் திருப்புங்கோ" என்று கத்துவா. பெரியப்பா வந்து பார்த்தார். கதிரை நுனியில் இருந்து கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "வடிவாத்தான் இருக்கு" என்றார். ஆனால் கொட்டாஞ்சேனைக்கு ரீவி வாங்கவில்லை.

1983 ஆடி மாசத்து ஒரு ஞாயிறு, கொட்டாஞ்சேனையிலிருந்து திரும்பும்போது அந்தப் படப்புத்தகத்தை நான் கேட்டு வாங்கி வந்தேன். கரடியைப் பார்த்துக் கீறவேண்டும் என்று ஆசை. தட்டைத் தனியே உறைக்குள் போட்டுப் பெரியப்பா மற்றத் தட்டுகளோடு வைத்தார். "புத்தகத்தை அடுத்த கிழமை கொண்டந்துவிட வேணும், என்ன? தனிய இருந்தால் தட்டு அழும்" என்றார்.

அடுத்த கிழமை தமிழருக்கு எதிரான கலவரமாக எப்படி வந்தது என்று உமக்குத் தெரியும். முன்வீட்டு நோனா எங்களைத் தன் பின்னறைக்குள் இரண்டு இரவு வைத்திருந்தா. றேடியோவின் சத்தத்தைக் கூட்டிவைத்து, தங்கச்சி அழுகிற சத்தம் வெளியே போகாமல் பார்த்துக்கொண்டா. பிறகு பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரியில் அகதி முகாம், வகுப்பறைச் சீமெந்து, வாங்குகளை ஒதுக்கிவிட்டுப் படுக்கை. பிறகு கப்பல். காங்கேசன்துறையில் இறங்கினபோது அம்மம்மா புளியோதரை கட்டிக்கொண்டு நின்றா. பெரியப்பாவும் பெரியம்மாவும் அடுத்த கப்பலில் வந்தார்கள், இடுப்பில் கட்டின துணியோடு. மேல்மாடி, மரப்படி, றேடியோகிராம், தட்டுகள் ஒன்றுமில்லை. யாரோ கேட்டதற்குப் பெரியப்பா சொன்னது எனக்குக் கேட்டது: "அரக்குத்தானே. பாண்டவருக்குக் கட்டின மாளிகையும் அரக்குத்தானே."

எங்கட வீடு சிங்கள ஆளின் வீடு என்றபடியால் எரிக்கவில்லை, சாமான்களை எடுத்திருந்தார்கள். எட்டு மாசத்தால் திரும்பிப் போனபோது என் பள்ளிக்கூடப் பெட்டி மட்டும் கட்டிலுக்குக் கீழே கிடந்தது. அதற்குள் அந்தப் படப்புத்தகம். ரீவியை முன்வீட்டு நோனா முதல் நாளே தூக்கிக்கொண்டுபோய்த் தன் அறையில் வைத்திருந்தா, ஒரு பெற்சீற் போர்த்து. திரும்பத் தந்தபோது அதன்மேல் ஒரு சீப்பு வாழைப்பழமும் வைத்துத் தந்தா.

அம்மம்மா எங்களோடு வந்துவிட்டா. பிள்ளைகளைத் தனியே விடமாட்டேன் என்று. அந்த வருசங்களில் அம்மா எங்களுக்குச் சொல்லித்தந்த முதல் பாடம்: பஸ்ஸுக்குள் அப்பா என்று கூப்பிடக்கூடாது. நெற்றியில் திருநீற்றை வாசலில் துடைத்துவிட்டுப் போகவேண்டும். தெருவில் கதைக்காமல் நடக்கவேண்டும். காலி வீதியில் 100ஆம் நம்பர் பஸ்ஸில் பாணந்துறைப் பக்கம் போகிற சனத்துக்குள் நெரிந்து நிற்கும்போது, பக்கத்தில் யாராவது சத்தமாகச் சிங்களத்தில் சிரித்தால், தங்கச்சி என் சேர்ட்டின் நுனியைப் பிடித்துக்கொள்ளுவாள்.

அந்த நாட்களில்தான் தொஸ்தர வந்தார்.

'தொஸ்தர ஹொந்தஹித.' நல்ல மனசுக்கார டொக்டர். பின்னேரம், தேத்தண்ணியும் மலிபன் பிஸ்கற்றும் கையில் இருக்கிற நேரம். உயரத் தொப்பி, வால்கோட்டு, பக்கத்தில் கிளி, வாத்து, குரங்கு. அது அமெரிக்காவில் 1970இல் வந்த காட்டூன். டொக்டர் டூலிற்றிலின் கதை, 17 பாகம். அதைச் செய்த கொம்பனியில் பங்காளி ஃபிரிஸ் ஃபிரீலெங். வோர்னரில் இருந்த காலத்தில் பூனை சில்வெஸ்ரரையும் குருவி ருவீற்றியையும் முதன்முதல் ஒரே படத்தில் சேர்த்துவைத்தவர் அவர்தான், 1947இல். பெரியப்பாவின் தட்டில் கீச்சிட்ட குருவியைப் பூனையோடு சேர்த்தவர் ஒரு வழியாக எங்கட வீட்டுக்கு வந்து சேர்ந்திருக்கிறார் என்பது எனக்குத் தெரிய வருசங்கள் சென்றது.

ஆனால் எங்களுக்கு அவரைக் கொண்டுவந்து தந்தவர் டைட்டஸ் தொட்டவத்த. 1956இல் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் 'ரேகாவ' படத்தை வெட்டித் தொகுத்த கை. 1979இல் பிள்ளைகளுக்காக 'ஹந்தயா' எடுத்தவர். ரூபவாஹினியில் குரல்சேர்ப்பு வேலையைத் தொடங்கி நடத்தினவர். அவர் ஆங்கில வசனத்தைச் சிங்களத்தில் எழுதிவைத்து வாயசைவுக்கு ஒட்டுகிற வேலை செய்யவில்லை. அந்தத் தொஸ்தரவை அப்படியே தூக்கி ஒரு சிங்களக் கிராமத்தில் இறக்கிவிட்டார். பாட்டு வேறு, பகிடி வேறு, வாத்தின் முறுமுறுப்பு எங்கட தெஹிவளைச் சந்தை நோனாமாரின் முறுமுறுப்பு. பக்ஸ் பனியும் அவர் கையால் 'ஹா ஹா ஹரி ஹாவா' ஆகிவிட்டான். ஹாவா என்றால் முயல். அமெரிக்க முயல் இங்கே வந்து, ஒழுங்கையில் மாங்காய் களவெடுக்கிற பொடியனாகப் பேசினான். இதை மொழிபெயர்ப்பு என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. ஒரு ஆளின் கைபட்டுத் திரும்பப் பிறந்தவை அவை.

அம்மம்மாவுக்குச் சிங்களம் தெரியாது. "உவர் என்ன சொல்லுறார் மோனை?" நான் பாயில் குப்புறப் படுத்துக்கொண்டு சொல்லிக்கொண்டே வருவேன். அமெரிக்காவில் ஆங்கிலமாகப் பிறந்த தொஸ்தர, டைட்டஸ் கையால் சிங்களமாகி, களுபோவில வீட்டுப் பாயில் யாழ்ப்பாணத் தமிழ் பேசினார். நான் சொல்லத் தவறினால் அம்மம்மா தானே இட்டுக்கட்டுவா. தொஸ்தரவுக்கு மிருகப் பாஷை படிப்பித்தது கிளி என்று சொன்னபோது, எனக்குப் பெரிய புதினம், அவவுக்கு ஒன்றுமில்லை. "கிளி படிப்பிக்காமல் வேறை ஆர் படிப்பிக்கிறது? அருணகிரிநாதர் கிளியாய் மாறித்தானே அநுபூதி பாடினவர்" என்றா. அன்றிலிருந்து அந்தக் கிளி வரும்போதெல்லாம் கையை எடுத்துக் கும்பிடுவா. தங்கச்சியும் கும்பிடுவாள்.

இன்னொன்றும் நடந்தது. தங்கச்சி அந்தத் தொஸ்தர பாட்டைச் சிங்களத்திலேயே பாடிக்கொண்டு முற்றத்தில் ஓடத் தொடங்கினாள். முதல் நாள் அம்மா திடுக்கிட்டு வாசலுக்கு வந்தா. மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து முன்வீட்டு நோனாவின் பேரப் பொடியன் அடுத்த அடியை எடுத்துப் பாடினான். இவள் அடுத்ததை. மதில் உயரம், ஒருவரையொருவர் தெரியாது. பாட்டு மட்டும் மேலாலே போய் வந்தது. அம்மா கொஞ்ச நேரம் நின்று கேட்டுவிட்டு, ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய், அடுப்பில் கருகிக்கொண்டிருந்த பருப்பை இறக்கினா.

அந்தத் தொஸ்தரவின் மூலத்தை எழுதின ஹியூ லொஃப்ரிங்கைப் பற்றிப் பின்னாளில் படித்தேன். முதலாம் உலக யுத்தத்தில் பதுங்குகுழியில் இருந்தவர். அங்கே காயப்பட்ட மனிதருக்கு ஆஸ்பத்திரி இருந்தது. காயப்பட்ட குதிரையைச் சுட்டுவிடுவார்கள். வீட்டிலிருந்த பிள்ளைகளுக்குக் கடிதத்தில் இதையெல்லாம் எழுத முடியாமல், மிருகப் பாஷை தெரிந்த ஒரு டொக்டரைக் கதையாக எழுதி அனுப்பினார். 1920இல் அது புத்தகமாக வந்தது. அதைப் படித்த அன்று, எனக்கு நோனாவின் பின்னறையும், சத்தம் கூட்டின றேடியோவும் ஞாபகம் வந்தன.

அந்த நாட்களில் இரவு கரண்ட் போனால், லாம்பு வெளிச்சத்தில் படப்புத்தகத்தை எடுப்பேன். தட்டு இல்லை. தட்டில் அந்த அம்மா வாசித்ததை நான் ஞாபகத்திலிருந்து தமிழில் சொல்லுவேன். பக்கம் முடிகிற இடத்தில் நிறுத்துவேன். தங்கச்சி, "டிங்." நான் புரட்டுவேன். இப்போது அவள் முந்துவதில்லை. சரியான இடத்தில், பெரியப்பா வைத்திருந்த அந்தக் காத்திருப்போடு சொல்லுவாள். யாழ்ப்பாணத்திலிருந்து பெரியப்பா ஒருமுறை வந்து எங்களோடு நின்றபோது அவரும் பக்கத்தில் இருந்து கேட்டார். கரடி தண்ணீருக்குள் இறங்குகிற பக்கம் வந்தது. மூன்று பேரும் "டிங்" என்றோம். அவர் எழும்பி முற்றத்துக்குப் போனார். தம்பிலி மரத்தடியில் நெடுநேரம் நின்றார். அடுத்த வருசம் அவரும் பெரியம்மாவும் கனடா போனார்கள். அங்கே சேர்க்கத் தொடங்கினாரா என்று கேட்டு எழுதினேன். "இஞ்சை எல்லாம் கடையில் கிடைக்குது மோனை" என்று பதில் வந்தது.

போத்தல் பேப்பர்காரன் "போத்தல் பத்தர" என்று கூவிக்கொண்டு வந்த காலமும் போய்விட்டது. கழித்துவிடப்பட்ட கசற்றுகள், வீடியோ நாடாக்கள், ஒரு காலத்தில் எங்கட நாஷனல் ரீவியும் அவன் தள்ளுவண்டியில்தான் போயின. இப்போது ஒழுங்கை முழுக்க மாடி வீடு. நானும் நாலாம் மாடியில். பின்னேரம் சூன் பாண்காரன் முச்சக்கரவண்டியில் பேத்தோவனின் மெட்டைப் போட்டுக்கொண்டு வருகிறான். கண்ணாடிப் பெட்டிக்குள் கிம்புலா பணிஸ், மீன் பணிஸ். ஒழுங்கைப் பிள்ளைகள் அந்த மெட்டைப் பாண் பாட்டு என்கிறார்கள். ஆஸ்பத்திரிச் சந்தியின் வாகன இரைச்சலில் விடியப்புறச் சிங்கம் எனக்குக் கேட்பதில்லை. 2011 ஒக்ரோபரில் டைட்டஸ் தொட்டவத்த காலமான செய்தியைப் பேப்பரில் பார்த்த அன்று, நாலரைக்கே எழும்பிப் பல்கனிக் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன்.

தங்கச்சி ரொறன்ரோவில். மகளுக்கு ஆறு வயசு. போன கிழமை வீடியோவில் கதைத்துக்கொண்டிருந்தபோது, "மாமா, அம்மா சொன்ன அந்தக் கரடிப் புத்தகத்தைக் காட்டுங்கோ" என்றாள். அலுமாரிக்குள்ளிருந்து எடுத்தேன். முதுகுப்பக்க ஊசி துருவேறி, தாள் பழுத்திருக்கிறது. கருஞ்சிறுத்தைப் பக்கத்தில் மாம்பழச் சூரியன் அப்படியே. போனுக்கு முன்னால் பிடித்துக்கொண்டு வாசிக்கத் தொடங்கினேன். முதல் பக்கம் முடிந்தது. பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏன் மாமா திருப்பேல்லை?"

மூலையை இரண்டு விரலால் பிடித்தபடி நான் காத்திருந்தேன். அங்கே அவர்களுக்கு விடியற்காலை. குசினிக்குள் ஏதோ தட்டுமுட்டுச் சத்தம், தண்ணீர்க் குழாய் நின்றது. படத்துக்குள் தங்கச்சி இல்லை. அவளின் குரல் மட்டும் வந்தது.

"டிங்."